மூன்று நாட்டுக் கஜானா

அந்த விளையாட்டில் போர் தொடுக்கப் பகடை மட்டும் போதாது, பணம் வேண்டும். சிப்பாய்க்கு ஒரு விலை, பீரங்கிக்கு ஒரு விலை, கப்பலுக்கு யானை விலை. ஒவ்வொரு சுற்று முடியும்போதும், பிடித்துவைத்திருக்கிற மாகாணங்களுக்குத் தக்கபடி பேங்கிலிருந்து வரிப்பணம் வரும். அதில் படை திரட்டிப் பக்கத்து நாட்டுக்காரன் குரல்வளையைப் பிடிக்கலாம். ஐஸ் பேக்டரியின் ஓய்வறையில், வாரம் ஒருநாள் ஐஸ் உறையவைக்கிற டப்பாக்களைக் கழுவுகிற விடுமுறை மதியத்தில், மூன்று ஆண்கள் இப்படி மூன்று நாடுகளை ஆண்டார்கள். பேங்கை ஆண்டது அவள். அதனாலேயே பேக்டரி முழுக்க அவளுக்குப் பேங்கம்மா என்று பெயர் விழுந்துவிட்டது.

விளையாட்டைக் கொண்டுவந்தவர் மோட்டார் மாமா. அவர் யாருக்கும் மாமா இல்லை. கம்ப்ரசரைப் பார்த்துக்கொள்கிற வயதான மெக்கானிக். யாரோ வீடு காலிசெய்தபோது பழைய சாமான்களோடு அள்ளிவந்த பெட்டி அது. வரைபட அட்டை முழுசாக இருந்தது, நோட்டுக்கட்டு முழுசாக இருந்தது, சிப்பாய்களில் பாதிப்பேரைக் காணோம். காணாமல்போனவர்களுக்குப் பதிலாக மாமா நட்டையும் போல்ட்டையும் களத்தில் இறக்கினார்.

முதலில் பேங்கும் அவர் கையில்தான் இருந்தது. ஆடுகிறவனே பேங்கையும் பார்ப்பது, பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதைதானே? "மாமா சட்டைப்பையில தனியா ஒரு கிளை தொறந்திருக்காரு" என்று அவள் அண்ணன் கத்தினான். அண்ணன் கிரேன் ஓட்டுகிறவன். சில்லறைத் தகராறு முற்றி, ஒருநாள் மாமாவின் சட்டைப் பொத்தானே தெறித்தது. அதற்குப் பிறகுதான், வாசல் ஜன்னலில் டெலிவரி சீட்டு எழுதிக்கொண்டிருந்த அவளைக் கூப்பிட்டு மேசையின் குறுகிய பக்கத்தில் உட்காரவைத்தார்கள். மூன்றாவது ஆட்டக்காரன் அவள் புருஷன். லோடு ஆட்களுக்குத் தலைவன். ஐஸ் பாளத்தை இரும்புக் கொக்கியில் மாட்டி ஒரே இழுப்பில் லாரிக்கு ஏற்றிவிடுவான் என்பதால் அவனைக் கொக்கி என்பார்கள்.

"ஒருத்தன் கூடப்பொறந்தவன், ஒருத்தன் கட்டினவன். இந்தப் பக்கமும் சாய முடியாது, அந்தப் பக்கமும் சாய முடியாது. இதைவிட நல்ல பேங்கு எங்க கிடைக்கும்?" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

கொக்கி முதன்முதலாகத் தன் தலைநகரத்தை மச்சானிடம் இழந்த அன்று, ஓய்வறையில் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் அவன்தான். "போனா போகுது மச்சான், விளையாட்டுதானே" என்று முதுகில் தட்டினான். எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்தான். வீட்டுக் கதவைச் சாத்தியதும், அவளைச் செருப்பைக்கூடக் கழற்ற விடாமல், கூந்தலைக் கையில் சுற்றித் தலையைப் பீரோவில் மோதினான்.

"உங்கண்ணன் சிரிச்சப்ப நீயும் சிரிச்சல்ல?"

"எல்லாரும்தான் சிரிச்சாங்க. நீங்களும்தான…"

"நான் சிரிப்பேன். நீ எதுக்குடி சிரிச்ச?"

இரண்டாவது மோதலில் பீரோக் கண்ணாடி விரிசல் விட்டது. மூன்றாவதில் அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மறுநாள் நெற்றி வீக்கத்தைக் கேட்டவர்களிடம், தொட்டி ஓரத்தில் வழுக்கிவிட்டது என்றாள். ஐஸ் பேக்டரியில் வழுக்காதவர் யார்? யாரும் நோண்டவில்லை.

அடி அவளுக்குப் புதிதில்லை. ஆனால் அதுவரை அது எப்போது வருமென்று தெரியாமல் வந்துகொண்டிருந்தது. இப்போது கிழமை தெரிந்துவிட்டது. அவன் தோற்கிற வாரமெல்லாம் அவள் உடம்பில் எங்காவது ஒரு மாகாணம் விழுந்தது.

ஒரு வாரம் மேசைக்கு அடியில் பூட்ஸ் வந்தது. ஐஸில் வழுக்காமலிருக்க அடியில் ஆணி அடித்த கனத்த பூட்ஸ். அது அவள் வெறுங்காலின் மேல் மெல்ல வந்து உட்கார்ந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். கொக்கி வரைபடத்தையே பார்த்துக்கொண்டு, "என் வரியைக் குடு பேங்கம்மா" என்றான் சாதாரணமாக. அவள் எண்ணிக் கொடுத்தாள். பூட்ஸ் அழுந்தியது. இன்னொரு பச்சை நோட்டைச் சேர்த்துக் கொடுத்தாள். பூட்ஸ் இறங்கிப் போய்விட்டது.

பேச்சே இல்லாமல் ஒரு பாஷை உண்டானது அப்படித்தான். எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு அழுத்துவான். அவள் கற்றுக்கொண்டாள். டீத் தம்ளரின் ஈரத்தில் விரலை நனைத்து இரண்டு நோட்டை ஒன்றாக ஒட்டிக் கொடுக்கக் கற்றாள். கப்பல் வாங்கிவிட்டு அவன் நீட்டும் பணத்தில் பாதியைச் சில்லறை என்று அவனிடமே திருப்பக் கற்றாள். அதைவிடப் பெரிய பாடம், அவனை ரொம்பவும் ஜெயிக்க விடக்கூடாது என்பது. ஒரேயடியாக ஜெயித்தால் அண்ணனுக்குச் சந்தேகம் வரும். அதனால் அண்ணன் நொடிக்கிற சமயத்தில் அவன் பக்கமும் ஒரு நோட்டைக் கூடுதலாகத் தள்ளுவாள். மாமாவையும் பட்டினி போடமாட்டாள். எலும்பு முறியாமல் அன்றைய ராத்திரியைக் கடப்பதற்காக மூன்று நாட்டுக் கஜானாவையும் அவள் ஒருத்தி சமன்செய்தாள்.

"இந்தச் சண்டை என் பேரன் காலத்துலயும் முடியாது போலிருக்கே" என்பார் மாமா. "ஒருத்தனும் சாகவும் மாட்டேங்குறான், ஜெயிக்கவும் மாட்டேங்குறான்."

அவளுடைய வலதுகால் விரல்கள் நிறம் மாறிக்கொண்டே வந்தன. முதலில் சிவப்பு, அப்புறம் நீலம், கடைசியில் நகங்கள் கரியாயின. வீட்டிலும் பேக்டரியிலும் முன்பக்கம் மூடிய செருப்புப் போட ஆரம்பித்தாள். ஓய்வறையில் மட்டும் மேசைக்கு அடியில் அதைக் கழற்றிவைக்க வேண்டும். அது அவன் உத்தரவு. செருப்புக்கு மேல் மிதித்தால் அவள் பாஷை புரியாததுபோல் நடிக்கிறாளாம்.

அந்த வாரம் அண்ணன் வரும்போதே மூஞ்சி சரியில்லை. உப்புத்தண்ணீர்த் தொட்டியின் ஒரு பாதியிலிருந்து டப்பாக்களையெல்லாம் காலையிலிருந்து கிரேனில் தூக்கி வைத்திருந்தான். கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. "இன்னிக்கு முடிச்சுர்றேன்" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தான். சொன்னபடியே இரண்டே சுற்றில் கொக்கியின் துறைமுகத்தைப் பிடித்தான். துறைமுகம் போனால் கடல் வரி போச்சு. கடல் வரி போனால் கொக்கிக்குக் கப்பலும் இல்லை, பீரங்கியும் இல்லை.

பூட்ஸ் வந்தது. இந்தத் தடவை கட்டைவிரலின் மேல், ஆணிப்பக்கமாக. அவள் ஒரு நோட்டைச் சேர்த்தாள். பூட்ஸ் இறங்கவில்லை. இன்னொன்று. இறங்கவில்லை. கொக்கி தன் உடம்பின் பாரம் முழுவதையும் அந்த ஒரு காலில் வைத்து, மேசையில் முழங்கையை ஊன்றி, "யோசிக்கிறேன் இருங்கப்பா" என்றான். நகம் சதையைவிட்டுக் கழன்று வருவது அவளுக்குத் தெரிந்தது. கழுத்து முழுக்க வேர்த்தது. சிவப்பு நோட்டுகளில் கையை வைத்தாள். சிவப்புதான் ஆகப்பெரிய நோட்டு. வலியில் விரல் சொன்னபடி கேட்கவில்லை. ஒன்று எடுக்கப்போய் ஒரு கொத்தே வந்தது. உள்ளங்கையில் மடக்கி மேசை விளிம்போடு தள்ளினாள்.

அண்ணன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

கையைத் திருப்பினான். சிவப்பு நோட்டுகள் மேசையில் உதிர்ந்தன. மின்விசிறிக் காற்றில் ஒன்று பறந்துபோய் மாமாவின் மடியில் விழுந்தது.

"இதென்ன பாப்பா?"

பூட்ஸ் சட்டென்று காணாமல்போயிருந்தது.

"உன்னைத்தான் கேக்குறேன். எத்தனை நாளா நடக்குது இது? நான் வாராவாரம் தலைகீழா நின்னு தண்ணி குடிச்சும் ஜெயிக்க முடியல. கூடப்பொறந்தவளே குழி பறிக்கிறா!"

அவள் வாய் திறப்பதற்குள் கொக்கி எழுந்தான். மேசைக்குக் குறுக்காகக் கையை வீசி அவள் கன்னத்தில் அறைந்தான். நாற்காலியோடு சுவரில் போய் மோதினாள். உதடு பல்லில் கிழிந்து வாயெல்லாம் ரத்தம்.

"திருட்டு நாயே! நான் கேட்டேனாடி உன்கிட்ட? மச்சான் முன்னாடி என் மானத்தை வாங்குறியா?" மறுபடியும் அறைந்தான். "சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது மச்சான். புருஷன் மேல இருக்கிற பாசத்துல கிறுக்குப் புடிச்சுப் பண்ணியிருக்கா."

"டேய், விடுடா!" என்று மாமா எழுந்தார். அண்ணன் எழவில்லை. நோட்டுகளைப் பொறுக்கிக்கொண்டே தலையை ஆட்டினான்.

"விடுங்க மாமா. தப்புப் பண்ணினா வாங்கட்டும்."

கன்னம் எரிந்ததும் காது இரைந்ததும் அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அண்ணனின் அந்த ஒரு வார்த்தைதான் உள்ளே இறங்கியது. சுவரைப் பிடித்து எழுந்தாள். மேசையருகே வந்தாள். வலதுகாலைத் தூக்கி வரைபடத்தின் நட்டநடுவில் வைத்தாள். நட்டும் போல்ட்டும் சிதறி ஓடின. கட்டைவிரலிலிருந்து நகம் ஒரு தோல் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. மற்ற விரல்கள் அழுகிய பழம்போலக் கறுத்துக் கிடந்தன. புறங்காலில் ஆணித்துளைகள், சில ஆறியவை, சில பச்சைப்புண். அண்ணன் அன்று பிடித்த துறைமுகத்தின் மேல் ரத்தம் சொட்டியது.

"இந்த ஆணி யாரு பூட்ஸ்ல இருக்குன்னு பாருண்ணே" என்றாள். "நல்லா குனிஞ்சு பாரு. ஒவ்வொரு நோட்டுக்கும் ஒவ்வொரு மிதி. அவரு தோத்த அன்னிக்கெல்லாம் வீட்ல எனக்கு என்ன நடந்துச்சுன்னு கேளு. பீரோக் கண்ணாடி எப்படி உடைஞ்சுதுன்னு கேளு."

அண்ணன் காலைப் பார்த்தான். பிறகு மேசைக்கு அடியில் குனிந்து பூட்ஸைப் பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் முகம் வேறு முகமாக இருந்தது.

கொக்கி நேரத்தை வீணாக்கவில்லை. மேசையைக் காலால் எத்திக் கவிழ்த்தான். சுவரில் மாட்டியிருந்த ஐஸ் கொக்கியை உருவினான். கூர்மையான இரும்பு நுனி, முழங்கை நீளக் கைப்பிடி. வாழ்நாள் முழுக்க அதைப் பிடித்தே பழகிய கை. அவளை நோக்கித்தான் வீசினான். குறுக்கே வந்தவர் மாமா. நுனி அவர் முன்னங்கையில் ஒருபக்கம் ஏறி மறுபக்கம் எட்டிப்பார்த்தது. மாமா கத்தக்கூட இல்லை. தன் கையையே ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சதையில் மாட்டிய இரும்பு திரும்பி வரவில்லை. அந்த ஒரு கணத்தில் அண்ணன் பாய்ந்து, தலையால் கொக்கியின் வயிற்றில் முட்டினான். இரண்டுபேரும் கதவை உடைத்துக்கொண்டு தொட்டிக்கூடத்தில் போய் விழுந்தார்கள். அங்கே தரை முழுக்க உப்புத்தண்ணீர். எழுந்தவர்கள் வழுக்கி விழுந்தார்கள், விழுந்த இடத்திலேயே குத்திக்கொண்டார்கள். அண்ணன் அவன் முகத்தைத் தரையில் அறைந்தான். மூக்கெலும்பு நொறுங்கிய சத்தம் கம்ப்ரசர் நின்றிருந்த அந்த அமைதியில் நன்றாகவே கேட்டது. ஆனால் அண்ணன் கிரேன் பட்டனை அழுத்திப் பழகியவன். கொக்கி பாளம் இழுத்துப் பழகியவன். பலம் யாருடையது என்று தெரிய வெகுநேரம் ஆகவில்லை. கொக்கி புரண்டு மேலே வந்தான். அண்ணனின் பிடித்துக்கொண்ட கழுத்தை, பாளம் இழுக்கிற பிடியில் பற்றித் தொட்டியின் திறந்த பாதிக்கு இழுத்தான். தலையை உள்ளே அமுக்கினான்.

அந்தத் தண்ணீர் ஐஸைவிடக் குளிர்ந்தது. உப்பு சேர்ந்திருப்பதால் உறையாது, அவ்வளவுதான். விரலை நனைத்தாலே தோல் எரியும். அண்ணனின் கால்கள் தரையை உதைத்தன. முதலில் வேகமாக. பிறகு மெதுவாக.

டப்பா மூடிகளைத் தட்டிக் கழற்றுகிற கொட்டாப்புளி தொட்டி ஓரத்தில் கிடந்தது. உப்பில் ஊறிக் கருங்கல்லாக இறுகிய மரச்சுத்தியல். அவள் அதை இரண்டு கையாலும் தூக்கினாள். நொண்டிக்கொண்டே வந்து, அவன் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே இறக்கினாள். கழுத்துப்பட்டை எலும்பு காய்ந்த சுள்ளிபோல முறிந்தது. கொக்கி அலறினான். பிடி விட்டது. அண்ணன் தொட்டியிலிருந்து சரிந்து தரையில் விழுந்து, மீன்போல வாயைத் திறந்து மூடினான். முகம் வெளுத்து, தோல் அங்கங்கே பொரிந்திருந்தது.

கொக்கி மல்லாந்து கிடந்தான். ஒரு கை செத்துப்போய்த் தொங்கியது. அவளைப் பார்த்து, "ஏய்… என்னடி… நான் உன் புருஷன்டி" என்றான்.

அவள் அவன் பூட்ஸைப் பார்த்தாள். கொட்டாப்புளியை மறுபடி தூக்கினாள். இந்தத் தடவை முழங்கால் சில்லின் மேல்.

அண்ணனுக்கு மூச்சு வந்ததும் வெறியும் சேர்ந்து வந்தது. தவழ்ந்தே ஓய்வறைக்குப் போய் இன்னொரு ஐஸ் கொக்கியோடு வந்தான். "நகரு பாப்பா. இன்னிக்கு இவன் தலையை எடுக்காம விடமாட்டேன்."

அவள் நகரவில்லை.

"போட்டுத் தள்ளு. நீ ஜெயிலுக்குப் போ, அண்ணி தெருவுக்கு வரட்டும். உனக்கென்ன, கோவம் வந்தா எதையும் செய்வ. கோவம் வரலைன்னா 'வாங்கட்டும்'னு உக்காந்திருப்ப." கொட்டாப்புளியை அவன் காலடியில் போட்டாள். "போய் மாமாவைத் தூக்கு. ரத்தம் நிக்கல அவருக்கு."

அண்ணன் கையிலிருந்த ஐஸ் கொக்கி தானாகக் கீழே இறங்கியது.

ஆஸ்பத்திரியில் கொக்கி தொட்டியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னான். பொண்டாட்டியிடம் அடி வாங்கினேன் என்று சொல்ல அவனுக்கு நா எழவில்லை. அப்படியே விட்டிருந்தால் எல்லாமே வழுக்கலோடு போயிருக்கும். அண்ணன்கூட, "அவனே சொல்லிட்டான், நாமளும் அதையே சொல்லிடுவோம்" என்றான். அவள் கேட்கவில்லை. கட்டுப்போட்ட காலோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்த ஏட்டு பேனாவை நிறுத்தினார்.

"வெளையாட்டுக் காசுக்காம்மா இவ்வளவும்? கடையில கொடுத்தா ஒரு மிட்டாய் கூடத் தரமாட்டானே."

"மிதி நிஜம் சார்" என்றாள்.

மாமா கட்டுப்போட்ட கையோடு வந்து சாட்சி சொன்னார். மூன்று விரல் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாமாவைக் குத்தியதற்கும் அவளைச் சித்திரவதை செய்ததற்கும் கொக்கி சிறைக்குப் போனான். அவள்மேலும் வழக்கு இருந்தது. நீதிபதி ஒரு வயதான பெண்மணி. அண்ணனைக் காப்பாற்ற அடித்ததைப் புரிந்துகொள்ள முடிகிறது, கீழே விழுந்தவனை இரண்டாவது தடவை ஏன் அடித்தாய் என்று கேட்டார். பயத்தில் அடித்தேன் என்று சொல்லும்படி அவளுடைய வக்கீல் படித்துப்படித்துச் சொல்லியிருந்தார்.

"பயமெல்லாம் இல்லைங்கம்மா. அடிக்கணும்னு இருந்துச்சு, அடிச்சேன். அடிச்சப்ப நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப நெனச்சா அதுதான் பயமா இருக்கு."

வக்கீல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நீதிபதி எழுத ஆரம்பித்தார். அபராதம் போட்டு, இனி எந்த வம்புக்கும் போகமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார். அபராதத்தைக் கட்டி, அவளைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போனது அண்ணி. மீன் மார்க்கெட்டில் தராசு பிடிக்கிற அண்ணிக்கு நாக்கும் தராசு முள்போலக் கூர்மை. அன்றிலிருந்து அண்ணி தன் புருஷனிடம் நேரடியாகப் பேசவில்லை. "அந்த ஆளைச் சாப்பிடச் சொல்லு", "அந்த ஆளுக்கு லீவான்னு கேளு" என்று சுவரோடு பேசினாள்.

பேக்டரியில் சீட்டு ஜன்னல் வேலை போகவில்லை. லாரிக்காரர்கள் அவளிடம் முன்பைவிட மரியாதையாகப் பேசினார்கள்; ஒருவன்கூடச் சீட்டில் தகராறு செய்யவில்லை. அது மரியாதையா பயமா என்று அவள் பிரித்துப் பார்க்கவில்லை. இரவில் மட்டும், எலும்பு முறிகிற அந்தச் சத்தம் காதில் விழுந்து எழுந்து உட்காருவாள். பிறகு எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பாள்.

ஒரு சாயங்காலம் வேலைவிட்டு நடந்துகொண்டிருந்தபோது அண்ணன் பின்னாலேயே வந்தான். அவன் முகத்தில் உப்புத்தண்ணீர் பொசுக்கிய இடங்கள் வெள்ளைத் திட்டுகளாக நின்றுவிட்டிருந்தன.

"ஒரே ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லியிருக்கலாமே பாப்பா. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

அவள் நடையை நிறுத்தவில்லை.

"சொன்னேன். கல்யாணமான புதுசுல முதுகு வீங்கி உன் வீட்டுக்கு வந்தேன். நீ எனக்கு பஸ்ஸுக்குக் காசு குடுத்து, 'அனுசரிச்சுப் போ பாப்பா, நல்ல உழைப்பாளி அவன்'னு சொன்ன. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து ஏத்திவிட்ட."

தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன.

"மறந்தே போச்சு" என்றான் கடைசியில்.

"உனக்கு மறந்துடும். எனக்கு மறக்காது. அதுக்கு என்ன பண்றது?" என்றாள் அவள். கோபமில்லை, கண்ணீரும் இல்லை. "வா. அண்ணி உலை வெச்சிருப்பா. நேரத்துக்குப் போகலைன்னா ரெண்டுபேருக்கும் சேர்த்துத் திட்டு விழும்."

அவள் கால் நொண்டியபடிதான் நடந்தாள். அண்ணன் எட்டி வைத்து முந்தவுமில்லை, பக்கத்தில் வந்து கைகொடுக்கத் துணியவுமில்லை. ஓரடி பின்னாலேயே, அவள் வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வந்தான்.